வெந்நீர்ச் சாமியும் வெந்துபோன மடவையும்

நண்டுமேட்டுக் குப்பத்துக்குக் கடவுள் வெந்நீராக வந்தார். குழாயைத் திறந்தால் வருவார், மூடினால் நின்றுகொள்வார். இவ்வளவு சொன்னபடி கேட்கிற கடவுள் அந்தப் பக்கத்தில் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

அவரைக் கொண்டுவந்தவர் சூரியானந்தர். பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மணல் மேட்டில் கிடக்கிற அந்தக் குப்பத்தின் கோடியில், எப்போதோ மூடிப்போன இறால் கம்பெனிக் கட்டடம் ஒன்று உண்டு. அதை வாடகைக்கு எடுத்தார். காவி அடித்தார். மொட்டை மாடியில் ஒரு சோலார் ஹீட்டரை ஏற்றினார். கறுப்புக் கண்ணாடிக் குழல்கள் வரிசையாக, அவற்றின் தலைமாட்டில் உருண்டையாக ஒரு டாங்கு. டாங்கின் நெற்றியில் சூரியன் முகம் அடித்த ஒரு செப்புத் தகடு. தகட்டுக்குப் பெயர் சூரிய ரட்சை. ஆசிரமம் தயார்.

வெள்ளிக்கிழமைகளில் பழவேற்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தார்கள். சுண்ணாம்புக்குளம் பக்கத்திலிருந்து படகில் வந்தார்கள். உள்ளே நெல் விளைகிற ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். பொன்னேரியிலிருந்து ஒரு வக்கீல் காரில் வந்தார். கார் மணலில் சிக்கியது. அதையும் சாமியின் சோதனை என்று எடுத்துக்கொண்டு, மனைவியை இறக்கித் தள்ளச் சொன்னார். எல்லார் கையிலும் சொம்பு.

கூட்டத்துக்குக் காரணம் இருந்தது. ஐப்பசியில் அங்கே வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். ஏரி, வானம், கடல் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். சூரியன் இருக்கிறாரா, வேறு ஊருக்குக் குடிபோய்விட்டாரா என்று சந்தேகம் வந்துவிடும். அந்த மழையிலும் சாமியின் குழாயில் ஆவி பறந்தது.

"வெயில்ல சுடுறது ஹீட்டரு. மழையில சுடுறது தெய்வம்" என்றார் சூரியானந்தர்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கொதிக்கிற தண்ணீரை உச்சந்தலையில் தெளித்துக்கொண்டு "ஆ!" என்று துள்ளியவர்கள் அதைப் பரவசம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆசிரமத்தில் கும்பிட வேறு சங்கதிகளும் இருந்தன. டாங்கின் கோடியிலிருந்து மஞ்சள் துணி சுற்றிய ஒரு கொடி சுவரோரமாக இறங்கி, கீழே பூஜை அறைக்குள் போகும். அது சூரியனிடமிருந்து சக்தி இறங்குகிற வழி. பிள்ளை வரம் கேட்ட பெண்கள் அதில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். பூஜை அறைக்குள் யாரும் போகக்கூடாது. வாசலில் நின்று பார்த்தால் திரைக்குப் பின்னால் சிவப்பாக ஒரு பொட்டு ஒளி தெரியும். எண்ணெய் இல்லை, திரி இல்லை. அணையா ஜோதி. குப்பத்துத் தலைவர் மாரி தினமும் அதற்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் டீ குடிப்பார்.

கார்த்திகையில் புயல் வந்து கரண்டுக் கம்பம் சாய்ந்தது. கம்பம் நிமிர்கிறவரை சாமி மௌன விரதம் இருந்தார். தரிசனம் இல்லை, வெந்நீர் இல்லை. கரண்டு வந்த அன்றைக்கே விரதம் முடிந்தது. இதைக் குப்பத்தில் அத்தனை பேரும் பார்த்தார்கள். பார்த்ததோடு சரி.

பானுப்ரியாவும் சொம்போடு வரிசையில் நின்றவள்தான். கருவாடு போட்டு விற்பது அவள் தொழில். வாய் சற்று நீளம். இருந்தும் வரிசையில் நின்றாள். அவள் மாமனார் துளசிங்கம் வாலிபத்தையெல்லாம் இடுப்பளவு ஏரித் தண்ணீரில் இறால் தடவியே கழித்தவர். இப்போது முட்டி இரண்டும் மடங்க மறுத்தன. மார்கழிக் குளிரில் காலையில் எழுந்து நடக்கச் சூடாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊரே சோலார் சோலார் என்கிறதே, நாமும் ஒன்று வைப்போம் என்று போனாள்.

"மாமனார் என்ன நட்சத்திரம்மா?" என்று கேட்டார் சாமி.

"புயல் அடிச்ச ராத்திரி பொறந்தாராம் சாமி. அன்னிக்கு நட்சத்திரம் எதுவும் தெரியலையாம்."

சாமி கண்ணை மூடினார். திறந்தார். "வடக்கு."

அதுதான் அங்கே நடைமுறை. எந்த வீட்டு ஹீட்டர் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதை வீட்டுப் பெரியவரின் நட்சத்திரம் சொல்லும். நட்சத்திரம் சொல்வதைச் சாமி சொல்வார். சாமி சொல்கிற ஹீட்டரைச் சாமியின் சீடர் கடையில் மட்டும்தான் வாங்க வேண்டும். ஏனென்றால் அவை இமயமலை உறைபனியில் சோதித்துப் பார்த்த ஹீட்டர்கள். பழவேற்காட்டில் பனிமலை எப்போது வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கொஞ்ச நாளில், சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் கட்டிக்கொடுத்த குப்பத்து வீடுகளின் மொட்டை மாடிகளெல்லாம் ஹீட்டர். ஒன்று வடக்கே பார்த்தது. ஒன்று கடலைப் பார்த்தது. ஒன்று ஏரியைப் பார்த்தது. சொத்துச் சண்டை போட்ட பங்காளிகள் கல்யாண வீட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரி ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் நின்றன. பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவுக்கு மட்டும் தெற்கு வாய்த்தது. அவள் வீட்டில் தண்ணீர் சுட்டது. அவள் வெள்ளிக்கிழமை விரதம் இருப்பதால்தான் சுடுகிறது என்று பேசிக்கொண்டார்கள். அவளும் மறுக்கவில்லை.

மற்றவர்கள் சொம்போடு சாமியிடம் திரும்பி வந்தார்கள்.

"சாமி, என் வூட்டுத் தண்ணி கை கழுவத்தான் ஆவுது."

"எங்க வூட்டுல பானைத் தண்ணியே இதவிட சூடா இருக்குது சாமி."

சூரியானந்தர் கண்ணை மூடினார். மூக்கை உறிஞ்சினார். "இது என்ன வாசம்?"

"கருவாடு சாமி."

"எங்கே காய வைக்கிறீங்க?"

"மாடியிலதான்."

"அதான்!" தொடையில் தட்டினார். "சூரியன் எழுந்ததும் முதல்ல பார்க்கிறது உங்க மாடியை. அங்கே செத்த மீனைப் பரப்பி வெச்சா முகத்தைத் திருப்பிக்க மாட்டாரா?"

கூட்டம் வெட்கத்தோடு தலை குனிந்தது. மீன் பிடித்து, மீன் தின்று, மீன் விற்று, மீன் வாசத்திலேயே பிள்ளை பெற்று வளர்த்த கூட்டம் அது.

பானுப்ரியா மட்டும் குனியவில்லை. "சாமி, இத்தினி வருசமா அவருதான எங்க கருவாட்டைக் காயவெச்சாரு. வாசம் புடிக்காதவரு தெனம் வந்து எதுக்குக் காயவெச்சாரு?"

"சகிச்சுக்கிட்டாரம்மா" என்றார் சாமி. "இவ்வளவு நாள் சகிச்சுக்கிட்டார்."

சூரியனுக்காகச் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கே மாரி ஊர்க்கூட்டம் போட்டார். இனிமேல் மாடியில் யாரும் கருவாடு போடக்கூடாது. மீறினால் அந்த வீட்டுக்கு ஏரியில் பாடு கிடையாது. ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று ஊர் முறை வைத்துக் கொடுக்கிறதே, அதுதான் பாடு. அது போனால் அடுப்பு அணைந்துவிடும்.

பானுப்ரியா கருவாட்டைக் கீழே மணலில் கொண்டுபோய்க் கொட்டினாள். நாய் இழுத்தது. காற்று மணலை வாரிப் போட்டது. பொன்னேரிச் சந்தையில் வாடிக்கையாக வாங்குகிறவர் ஒரு துண்டைக் கடித்துவிட்டுத் துப்பினார். "இன்னாம்மா இது, கருவாட்டுல மணலா, மணல்ல கருவாடா? அடுத்த தபா இப்டி கொண்டாந்தா வராத." அவரைப் பார்த்து மற்றவர்களும் நகர்ந்தார்கள். ஒரு கூடைக் கருவாடு அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

வீட்டில் உதயகுமார் குதித்தான். அவள் கணவன். படகு எஞ்சினில் ஒரு போல்ட் தளர்ந்தால் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறவன். சாமி விஷயத்தில் காது கேட்காது.

"கூட்டத்துல உனக்கு இன்னாத்துக்கு வாயி? பாடு போச்சுன்னா நான் இன்னா, ஏரியை எட்டிப் பாத்துக்குனு கரையில நிக்கிறதா?"

"கருவாடு போச்சுன்னா நான் இன்னா பண்றது? உன் சாமிகிட்ட வெந்நீர் வாங்கிக் குடிச்சுக்குனு குந்தறதா?"

"நல்லா சண்ட போடுங்க" என்றார் துளசிங்கம், முட்டியைத் தேய்த்துக்கொண்டே. "அந்தச் சூட்டுலயாவது தண்ணி காயுதா பாக்கலாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பானுப்ரியாவின் தங்கை ஆர்த்தி வந்தாள். பொன்னேரியில் ஒரு மோட்டார் கடையில் வேலை. பம்பும் ஹீட்டரும் மாட்டுவது, கழற்றுவது. மாடிக்குப் போனவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"யாருக்கா இத வடக்க பாத்து வெச்சது?"

"மாமாவோட நட்சத்திரத்துக்கு அதான் திசையாம்."

"மார்கழியில கருவாட்டுத் தட்டியை எந்தப் பக்கம் சாய்ச்சு வெப்ப?"

"தெக்க. வெயிலு தெக்க சாஞ்சுதான போவுது? இதுகூடவா தெரியாது உனக்கு?"

"எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்குனு நீ எதுக்கு இத வடக்க வெச்ச?"

கருவாட்டுக்கு ஒரு மூளை, சாமிக்கு ஒரு மூளை என்று மனிதருக்குள் இரண்டு இருக்கும் போலிருக்கிறது. முதலாவதை வைத்துப் பிழைக்கிறார்கள். இரண்டாவதை வைத்து ஏமாறுகிறார்கள்.

ஆர்த்தி ஹீட்டரைச் சுற்றி வந்தாள். "பாதி நாளு தண்ணித் தொட்டி நெழல்ல கெடக்குது. ஸ்டாண்டு வெறும் இரும்பு, இந்தக் கடல் காத்துக்கு அடுத்த மழை தாங்காது. உள்ள போர் தண்ணிதான ஊத்துற? அது உப்பு, கொழா உள்ளாற படிஞ்சு அடைச்சுக்கும். சப்ளை தண்ணி ஊத்து. இல்லாட்டி உப்புத் தண்ணிக்குன்னே தனியா வருது, அதக் கேட்டு வாங்கியிருக்கணும். இது பனி ஊருக்குச் செஞ்சது. பனி தாங்கறதுக்கு இன்னா இன்னாவோ வெச்சிருக்கான், அதுக்கும் சேத்து நீ துட்டு அழுதிருக்க. இங்க உறையறது ஐஸ் பெட்டியில கெடக்குற மீனு மட்டுந்தான்க்கா."

"புயல்ல பொறந்தது என் தப்பாம்மா?" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார் துளசிங்கம்.

"உங்க மேல தப்பில்ல மாமா. தெக்க திருப்பி, நெழல்லேர்ந்து இழுத்து, கொஞ்சமா சாய்ச்சு வெச்சா போதும். சுடும்."

"அப்ப அவனுது மழையில எப்படிச் சுடுது?" என்று கேட்டாள் பானுப்ரியா.

"கரண்டு காயில் இருக்கும். மழை நாளைக்குன்னு கம்பெனிக்காரனே வெக்கிறதுதான். டாங்கு கோடியில ஒரு தகட்டு மூடி இருக்கும், அதுக்குள்ளாற. அது இருக்குறது தப்பில்ல. ஒளிச்சு வெச்சுக்குனு கும்பிடச் சொல்றான் பாரு, அதான் தப்பு. வா, போய் ஊருல சொல்லலாம்."

பானுப்ரியா தலையை ஆட்டினாள். "நீ சொன்னா எவனும் நம்ப மாட்டான். நான் சொன்னா வாய் நீளம்னுவான். மீனு சொன்னா நம்புவான்."

ஆர்த்திக்குப் புரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை. ஆசிரமத்தில் நிற்க இடமில்லை. பொங்கலன்று சூரிய பகவானுக்கு வெந்நீர் அபிஷேகம் என்று சாமி அறிவித்துக்கொண்டிருந்தார். நெருப்புக் கோளத்துக்கு எதற்கு வெந்நீர் என்று ஒருவரும் கேட்கவில்லை. பானுப்ரியா எழுந்தாள். உதயகுமார் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். அவள் முந்தானையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"கேளம்மா."

"மீன் வாசம் பட்டா ஹீட்டரு செத்துப்பூடும்னீங்க. உங்க ஹீட்டரு மேல மீனைப் போட்டா அதுவும் செத்துப்பூடுமா?"

கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டது. சாமி சிரித்தார். "என் ரட்சைக்கு முன்னால எந்தத் தீட்டும் நிற்காது."

"போட்டுப் பாக்கலாமா?"

"போடு."

"பொழுதுக்கும்?"

"பொழுதுக்கும் போடு!"

"காக்கா தூக்கினு போவுமே" என்றார் மாரி. எதையும் பிழையில்லாமல் நடத்துகிறவர்.

"தார்ப்பாய் போட்டு மூடுங்க தலைவரே!" சாமிக்குச் சூடு ஏறிவிட்டது. "சூரியனே பார்க்க வேண்டாம். நான் பார்த்துக்கறேன்!"

விசில் பறந்தது. வித்தைக்காரனைக் கெடுப்பது சந்தேகப்படுகிறவன் அல்ல, கை தட்டுகிறவன்.

"டாங்குல கெடக்குற பழைய வெந்நீரையும் மொதல்ல தொறந்து வுட்டுர்லாம் சாமி" என்றாள் பானுப்ரியா பணிவாக. "நாளைக்கு எவனாவது பழைய சூடுன்னு சொல்லிட்டான்னா உங்களுக்குத்தான கெட்ட பேரு?"

"அதையும் செய்."

"சாயங்காலம் தண்ணி சில்லுனு வந்துதுன்னா மீன் வாசம் ஆவாதுன்னு நீங்க சொன்னது சரி. நான் கருவாட்டுத் தொழிலையே வுட்டுர்றேன். ஊரு முன்னால சொல்றேன்."

உதயகுமார் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

போகியன்று காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் மாரியே குழாயைத் திறந்து டாங்கைக் காலி செய்தார். பச்சைத் தண்ணீர் நிரப்பினார்கள். பானுப்ரியா ஒரு கூடை மடவை கொண்டுவந்திருந்தாள். ஏரியில் பிடித்துக் கிழித்து உப்புத் தடவிய மீன். கண்ணாடிக் குழல்களின் மேல் ஓடு வேய்ந்த மாதிரி நெருக்கி அடுக்கினாள். கடைசியாக ஒரே ஒரு மடவையை மட்டும் டாங்கின் கோடிக்குக் கொண்டுபோய், அங்கே இருந்த தகட்டு மூடியோடு ஒட்டிப் படுக்கவைத்தாள்.

"அது எதுக்கு அங்க?" என்றார் மாரி.

"கூடையில மிச்சம் தலைவரே."

படகுத் தார்ப்பாயைப் போட்டு வலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். ஊர் சார்பில் இரண்டு பேர் காவல் உட்கார்ந்தார்கள். சாமி பூஜை அறைக்குள் தியானத்துக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார். அணையா ஜோதி அன்றைக்கும் காலையிலிருந்து திரை வழியே தெரிந்தது. ஜோதிக்கு இன்றைக்குத் தனிப் பிரகாசம் என்று வந்தவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

பொழுது சாய்ந்தது. வேறு ஊர்க்காரர்களும் வந்து குவிந்திருந்தார்கள். மாரி குழாயைத் திறந்து கையை நீட்டினார்.

"யப்பா!" கையை உதறிக்கொண்டார். ஆவி மேலே எழும்பியது.

குலவைச் சத்தம் ஏரிக்கு அக்கரை வரைக்கும் கேட்டது. கற்பூரம் எரிந்தது. பச்சையம்மாவுக்கு அருள் வந்தது. உதயகுமார் நெடுஞ்சாண்கிடையாகச் சாமியின் காலில் விழுந்து, பெண்டாட்டி சார்பில் மன்னிப்புக் கேட்டான்.

"இப்ப என்னம்மா சொல்றே?" என்றார் சாமி.

"ஜெயிச்சிட்டீங்க சாமி" என்றாள் பானுப்ரியா. "மீன் வாசத்துல ஒண்ணும் கெட்டுப்போவலை. நான் போய் என் மீனை எடுத்துக்கறேன். தலைவரே, நீங்களும் வாங்க. நாளைக்கு ஒரு மீன் கொறஞ்சுதுன்னு பேச்சு வரக்கூடாது."

தலைவர் ஏறினார். அவர் பின்னால் சாமியோடு ஊரே ஏறியது. துளசிங்கம்கூடக் கைப்பிடியைப் பிடித்து, படிக்குப் படி முனகிக்கொண்டு ஏறினார். தார்ப்பாயை அவிழ்த்தார்கள். பானுப்ரியா கண்ணாடிக் குழல் மேலிருந்து ஒரு மீனை எடுத்து மாரியின் கையில் வைத்தாள்.

"இது இன்னா தலைவரே?"

"மடவை."

"காஞ்சிருக்குதா?"

மாரி விரலால் அழுத்தினார். அந்தக் குப்பத்தில் கண்ணைக் கட்டிவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவார்கள். "காயலியே. காத்தால வெச்ச மாதிரியே ஈரமா நொளநொளன்னு கெடக்குது."

"ஏன் காயலை?"

"வெயில் பட்டாத்தான காயும்? பொழுதுக்கும் மூடி இருந்துச்சே."

"சரி. அப்ப இந்த ஹீட்டரு மேல இன்னிக்குப் பொட்டு வெயில்கூடப் படலை." கோடியில் கிடந்த அந்த ஒற்றை மடவையின் வாலைப் பிடித்துத் தூக்கினாள். வால் மட்டும் கையோடு வந்தது. சதை வெள்ளை வெளேரென்று முள்ளைவிட்டுக் கழன்று தகட்டின் மேலேயே கிடந்தது. "இது இன்னா தலைவரே?"

மாரி குனிந்தார். முகர்ந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. "இது வெந்திருக்குது."

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வெயிலு மீனைக் காயவெக்கும் தலைவரே. வேகவெக்காது. நம்ம வூட்டுல மீனை வேகவெக்கிறது அடுப்பு. சாமி வூட்டு மாடியில அடுப்பு எங்க இருக்குது?"

துளசிங்கம் கையை நீட்டி ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டு மென்றார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். "வெந்துதான் இருக்குது" என்றார். "உப்பு பத்தலை."

"அது ரட்சையோட உஷ்ணம்" என்றார் சாமி.

"ரட்சை அந்தப் பக்கம் நெத்தியில இருக்குது. மீனு இந்தப் பக்கம் கோடியில வெந்துச்சு."

"சக்தி எங்கேயும் பரவும் அம்மா."

"மத்த மீனுங்க இன்னா பாவம் பண்ணுச்சு சாமி? அதுங்களுக்கு ஏன் பரவலை?"

இந்த இடத்தில்தான் உதயகுமாருக்குக் காது திறந்தது. சாமி காலில் விழுந்தபோது ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு முன்னால் வந்தவன், தகட்டு மூடிக்குள்ளிருந்து கிளம்புகிற மஞ்சள் கொடியைப் பார்த்தான். பெண்கள் கட்டிய வேண்டுதல் கயிறுகளை ஒவ்வொன்றாக ஒதுக்கினான். மஞ்சள் துணியை உரித்தான். உள்ளே கறுப்பாக, விரல் பருமனில் ஒயர்.

"டேய், இது கரண்டு கேபிளுடா!"

அதில் கயிறு கட்டியவர்களில் ஒருவருக்கும் ஷாக் அடிக்கவில்லை. அந்த ஆசிரமத்தில் நடந்த ஒரே அற்புதம் அதுதான்.

கேபிளைப் பிடித்துக்கொண்டே கூட்டம் படியிறங்கியது. யாரும் நுழையக்கூடாத பூஜை அறைக்குள் ஊரே நுழைந்தது. உதயகுமார் திரையை விலக்கினான். சுவரில் ஒரு பெரிய சுவிட்சு. அதன் ஓரத்தில் குன்றிமணி அளவில் ஒரு சிவப்பு விளக்கு. அணையா ஜோதி. உதயகுமார் விரலை வைத்தான். டக். அணைந்தது.

மாரி கிட்டே போய் அதைக் குனிந்து பார்த்தார். "இதுக்கா நான் தெனம் தேங்கா ஒடைச்சேன்?"

பொன்னேரி வக்கீல் சொம்பைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு காரைத் தேடிப் போனார்.

அடிக்கக் கை ஓங்கியவர்களை மாரி தடுத்தார். உட்காரவைத்து விசாரித்தார். சூரியானந்தரின் பெயர் ஆதிகேசவன். ஹீட்டர் மாட்டுகிற ஃபிட்டர். சீடர் என்று சொன்ன கடைக்காரன் மலை ஊர் ஓட்டல்களுக்கென்று வாங்கி விற்காமல் கிடந்த ஹீட்டர்களைக் கடற்கரையில் தள்ள ஒரு வழி தேடினான். இருவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். ஹீட்டர் என்றால் விலை கேட்பார்கள், தெய்வம் என்றால் கேட்க மாட்டார்கள் என்று முடிவு செய்தார்கள். முடிவு சரியாகத்தான் இருந்தது.

"தெக்க வெச்சா சுடும்னு உனக்குத் தெரியுமாடா?" என்றாள் பானுப்ரியா.

"தெரியும்."

"பின்ன ஏன் ஆளுக்கொரு பக்கம் சொன்ன?"

"எல்லாருக்கும் தெக்குன்னு சொல்லியிருந்தா நான் எதுக்குங்க?" என்றான் ஆதிகேசவன். அவன் சொன்னதில் அது ஒன்றுதான் முழு உண்மை.

ஊர்க்கூட்டம் அங்கேயே தீர்ப்புச் சொன்னது. கருவாட்டுத் தடை ரத்து. கடைக்காரனைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். ஆதிகேசவனைப் போலீசில் ஒப்படைப்பதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. குப்பத்து ஹீட்டர் அத்தனையையும் அவன் கையாலேயே தெற்கே திருப்பி வைக்க வேண்டும். ஆர்த்தி வந்து சரிபார்ப்பாள்.

பொங்கலன்று காலையில் ஆதிகேசவன் காவியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஸ்பேனரோடு துளசிங்கம் வீட்டு மாடியிலிருந்து ஆரம்பித்தான். கெட்டிக்காரன். வேலை சுத்தம். போல்ட் ஒன்று மிச்சம் வைக்கவில்லை. இந்தக் கையை வைத்துக்கொண்டு ஏன் சாமியாரானான் என்று உதயகுமாருக்கு விளங்கவேயில்லை. மறுநாள் காலை துளசிங்கம் முட்டியில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு, "யம்மா, போதும்மா, சுடுது" என்று முதல் தடவையாகப் புகார் சொன்னார்.

அவர் தலைக்கு மேலே மாடியில், ஹீட்டரை ஒட்டியே பானுப்ரியா தட்டியைச் சாய்த்து மடவையை அடுக்கிக்கொண்டிருந்தாள். சூரியன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

கீழே தெருவிலிருந்து மாரி கூப்பிட்டார். "பானு, என் வூட்டு ஹீட்டரு இன்னும் திருப்பலை. இன்னிக்குத் திருப்பலாமா, நல்ல நேரம் பாத்துத் திருப்பலாமா?"

"வெயிலடிக்கிற நேரம் நல்ல நேரந்தான் தலைவரே."

மாரி தலையைச் சொறிந்துகொண்டு போனார். அவர் போனதும் பச்சையம்மா மெதுவாக மாடிப்படி ஏறி வந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"பானு, அன்னிக்கு வெந்துச்சே அந்த மடவை, அதோட முள்ளு கிள்ளு ஏதாவது எடுத்து வெச்சிருக்கியாடி? நல்ல சக்தியுள்ள மீனு. வாசப்படியில கட்டி வெச்சன்னா…"

பானுப்ரியா கையிலிருந்த மீனைத் தட்டியில் போட்டாள். உப்புக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"முள்ளு பூனைக்குப் போச்சுக்கா. நீ ஒண்ணு பண்ணு. உன் மண்டைக்குள்ள இருக்குறத எடுத்தாந்து இப்டி என் மீனு பக்கத்துல வெயில்ல வையி. வெளியவே எடுக்காம பூஞ்சை புடிச்சுக் கெடக்குது."